ஹைட்ரோநெஃப்ரோசிஸ்: ஸ்கேன் அறிக்கையில் உள்ள பெயரைச் சரியாக எழுதவும் படிக்கவும்

கர்ப்பத்தின் ஐந்தாம் மாத ஸ்கேனில் கருவின் சிறுநீரகத்தில் நீர் தேங்கியிருந்தால், அறிக்கையில் வரும் பெயர் ஹைட்ரோநெஃப்ரோசிஸ். கோலாலம்பூரிலும் பினாங்கிலும் இது ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, மலாயில் விளக்கப்பட்டு, வீட்டுக்கு வரும்போது ‘கிட்னி வீக்கம்’ ஆகிவிடுகிறது. மாமியாரும் சித்தியும் பயப்படுவது அந்தக் கடைசிச் சொல்லைக் கேட்டுத்தான்.

முதலில் எழுத்து. மூன்று துண்டாகப் பிரித்து எழுதுங்கள்: எச்-ஒய்-டி-ஆர்-ஓ, என்-இ-பி-எச்-ஆர்-ஓ, எஸ்-ஐ-எஸ். பிழை வருவது பெரும்பாலும் நடுத்துண்டில்தான். பி-க்கு அடுத்த எச் விடுபடும். அல்லது எச்-க்கும் ஆர்-க்கும் இடையில் தேவையில்லாத ஓ நுழையும். மலாயில் ஒய்-க்குப் பதில் ஐ, பி-எச்-க்குப் பதில் எஃப் வரும். ஹிட்ரோநெஃப்ரோசிஸ் என்று வாசிப்பார்கள். இரண்டும் ஒன்றே. கவுண்டரில் பெயர் வாயில் வராவிட்டால் ‘புவா பிங்காங்’ என்று சிறுநீரகத்தைச் சொல்லி, அறிக்கையைக் காட்டிவிடுங்கள்.

சுருக்கெழுத்தில் கவனம் தேவை. எச்-டி-என் என்று சிலர் குறிப்பார்கள். பச்சிளங்குழந்தையின் இரத்தம் சார்ந்த வேறு நோய்களுக்கும் அதே மூன்று எழுத்துகள் உண்டு. பதிவுப் புத்தகத்தில் அப்படி மட்டும் இருந்தால், முழுப் பெயரையும் எழுதித் தரும்படி தாதியிடம் கேளுங்கள்.

பெயரின் மூலம் கிரேக்கம். ‘ஹைடோர்’ நீர், ‘நெஃப்ரோஸ்’ சிறுநீரகம், ‘ஓசிஸ்’ ஒரு நிலை. 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மருத்துவர் பியேர் ரேயே இதை மருத்துவத்தில் நிலைநிறுத்தினார். ‘ஐட்டிஸ்’ என்று முடிந்தால் அழற்சி. இங்கே அது இல்லை. ஆகவே ‘நெஃப்ரைட்டிஸ்’ என்று தேடிப் படிப்பது வேறு நோயைப் படிப்பதாகும். ‘நெஃப்ரோட்டிக் சிண்ட்ரோம்’ இன்னொன்று: சிறுநீரில் புரதம் கசிந்து உடம்பு வீங்குவது. தமிழில் ‘சிறுநீரக நீர்த்தேக்கம்’ என்பதே நேரான பொருள். ‘வீக்கம்’ என்ற சொல்லைத் தவிர்ப்பது நல்லது. அழற்சியோ புண்ணோ என்று கேட்பவர் நினைத்துக்கொள்வார்.

இந்தப் பெயர் கண்ணில் தெரிந்ததை மட்டும்தான் சொல்கிறது, காரணத்தைச் சொல்வதில்லை. சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாய் தொடங்கும் இடத்தில் அடைப்பு, பையிலிருந்து சிறுநீர் மேல்நோக்கித் திரும்புதல், ஆண் குழந்தைக்குப் பையிலிருந்து சிறுநீர் வெளியேறும் குழாயில் வால்வு போன்ற தடை என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். காரணமே இல்லாமல் தானாகச் சரியாகிவிடுவதும் மிகப் பொதுவானது. அதனால் பெயருக்குப் பக்கத்தில் உள்ள சொற்களையும் சேர்த்து எழுதி வையுங்கள்: இடமா, வலமா, இரு பக்கமுமா, எத்தனையாவது வாரம், ‘ஏ-பி’ அளவு எத்தனை மில்லிமீட்டர். அந்த அளவு ‘ரீனல் பெல்விஸ்’ எனப்படும் நீர் சேரும் தொட்டியின் முன்-பின் அகலம். லத்தீனில் பெல்விஸ் என்றால் அகன்ற பாத்திரம். இடுப்பெலும்பு என்று எண்ணிக் குழம்ப வேண்டாம்.

28 வாரத்துக்கு முன் 4 மி.மீ., அதன்பின் 7 மி.மீ. எட்டினால் அகன்றிருப்பதாகக் கொள்வார்கள். வாரம் குறிக்காத அளவு பாதிதான் பயன்படும். 1 முதல் 4 வரையிலான ‘கிரேடு’ இருந்தால் அதையும் குறியுங்கள். எண் கூடக்கூட விரிவு அதிகம்.

பிறந்த பின் எடுக்கும் ஸ்கேனை வழக்கமாக 48 மணி நேரம் கழித்தே எடுப்பார்கள். முதல் இரண்டு நாளில் குழந்தைக்குச் சிறுநீர் குறைவாகவே உருவாகும். தேக்கம் இருந்தும் ஸ்கேனில் தெரியாமல் போகலாம். ‘முதல் நாளே நார்மல்’ என்று அடுத்த அப்பாயிண்ட்மெண்டை விட்டுவிட வேண்டாம்.

இரு பக்கமும் கடுமையான தேக்கம், பனிக்குட நீர் குறைவு, ஆண் குழந்தைக்கு மெல்லிய அல்லது சொட்டுச் சொட்டான சிறுநீர்: இவற்றில் எது இருந்தாலும் காத்திருக்கக் கூடாது, பிறந்த உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். குழந்தைக்குக் காரணம் தெரியாத காய்ச்சல் வந்தால், ஹைட்ரோநெஃப்ரோசிஸ் இருப்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லி, சிறுநீர்ப் பரிசோதனை கேளுங்கள்.