அட்டவணைக்கு நிறம் பூசும் முன்

ஒரு ஜவுளிக் கடைக்கு இணையதளம் செய்துகொடுத்தபோது, விலைப்பட்டியலுக்குக் கட்டம் கட்டமாக அரக்கு நிறத்தைக் கையால் பூசினேன். ஆறு மாதம் கழித்துக் கடைக்காரர் லோகோவைப் பச்சைக்கு மாற்றினார். தளத்தின் மொத்தத் தோற்றத்தையும் தீர்மானிக்கும் தீமில் நிறத்தை மாற்றியதும் மெனு, பட்டன் எல்லாம் பச்சையாயின. அட்டவணை மட்டும் அசையாமல் அரக்காகவே உட்கார்ந்திருந்தது. இரவெல்லாம் விழித்துத் திருத்தினேன்.

இணையதளம் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸின் அட்டவணையில் தீமின் நிறத்தட்டிலிருந்து ஒரு நிறத்தைத் தேர்ந்தெடுத்தால் அதன் பெயர்தான் பதிவாகும்; பிறகு தீமில் மாற்றினால் அதுவும் மாறும். நாமாக நிற எண் (#777777 போன்ற குறியீடு) கொடுத்துப் பூசியது கல்வெட்டு போல அங்கேயே நிற்கும். வேர்டிலிருந்து அட்டவணையை அப்படியே ஒட்டினாலும் சில எடிட்டர்களில் இதே தொல்லைதான். எழுத்துரு, அகலம், நிறம் எல்லாம் மூட்டை முடிச்சோடு வந்து இறங்கிவிடும். எக்செல் பட்டியல் என்றால் சிஎஸ்வி என்ற வெறும் எழுத்துக் கோப்பாகச் சேமித்து, அதை ஏற்கும் அட்டவணைச் செருகுநிரல் வழியே ஏற்றுங்கள். விவரம் மட்டும் வரும்.

அடுத்த தவறு, வெளிறிய எழுத்து. சிறிய எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளி வேறுபாடு குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும் என்கிறது, மாற்றுத்திறனாளிகளும் இணையத்தைப் பயன்படுத்துவதற்கான டபிள்யூசிஏஜி வழிகாட்டி. வெள்ளையின் மேல் #777777 என்ற சாம்பல் 4.48, தேறாது. #767676 என்றால் 4.54, தேறிவிடும். இரண்டையும் கண்ணால் பிரித்தறிய முடியாது. சோதிக்கும் கருவிதான் சொல்லும். தள்ளுபடி விலைக்கு எல்லோரும் வாரி இறைக்கும் அசல் சிவப்பு இருக்கிறதே, வெள்ளையின் மேல் அது 4ஐத்தான் தொடுகிறது!

ஒன்றுவிட்டு ஒரு வரிசைக்கு இளஞ்சாம்பல் பட்டை போடுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். வெள்ளையில் தேறிய அதே #767676, சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் 242 என்ற அளவிலுள்ள பட்டையில் ஏறத்தாழ 4க்கு இறங்கிவிடுகிறது. பட்டை மேல்தான் சோதிக்க வேண்டும்.

சரக்கு இருந்தால் பச்சைப் புள்ளி, தீர்ந்தால் சிவப்புப் புள்ளி என்று விட்டுவிடாதீர்கள். இந்த இரண்டையும் பிரித்தறிய இயலாதவர்கள், குறிப்பாக ஆண்களில், நிறையப் பேர் உண்டு. பக்கத்தில் 'இருப்பு இல்லை' என்று எழுதினால் என்ன குறைந்துவிடப் போகிறது?

தலைப்பு வரிசைக்கு நிறமும் தடித்த எழுத்தும் போதாது. மென்பொருளில் அதைத் 'தலைப்பு' என்றே குறிக்க வேண்டும். இல்லாவிட்டால் பார்வையற்றோருக்குத் திரையை வாசித்துக்காட்டும் திரை வாசிப்பான், 850 என்பது விலையா மீட்டரா என்று சொல்லாமல் வெறும் எண்ணாக வாசித்துக்கொண்டு போகும்.

900 பிக்சல் என்று அகலத்தைப் பூட்டிவைத்தால் 360 பிக்சல் கைபேசியில் பக்கமே பிதுங்கும். அட்டவணை மட்டும் பக்கவாட்டில் நகரும்படி விடுங்கள். எண்களை நடுவில் நிறுத்தாமல் வலப்பக்கம் ஒட்டவையுங்கள். 1,250க்குக் கீழே 850 வரும்போது ஒற்றைக்கு நேராக ஒற்றை, பத்துக்கு நேராகப் பத்து நிற்கும்.