மாலையில் ‘வீட்டுக்குப் போகவேண்டும்’ என்று கேட்கும்போது

மறதிநோய் உள்ள தாயார் சொந்த வீட்டிலேயே இருந்துகொண்டு, பொழுது சாயும் நேரத்தில் பையைத் தூக்கிக்கொண்டு படலையை நோக்கி நடந்தால், “இதுதானே உங்கள் வீடு” என்று வாதாடாதீர்கள். அண்மை நினைவுகள் முதலில் கலைந்து பழையவை நெடுநாள் நிலைப்பதால், 1990இல் போரால் இடம்பெயர்ந்தபோது யாழ்ப்பாணத்தின் மயிலிட்டியிலோ பலாலியிலோ விட்டுவந்த வீட்டையே அவர் தேடக்கூடும். “அந்த வீட்டுக் கிணற்றடியில் என்ன மரம் நின்றது, அம்மா?” என்று கேட்டு, கையைப் பிடித்து முற்றத்தில் கூடவே சற்று நடந்து, பிறகு தேநீருக்கு அழைத்து வாருங்கள். இருட்டுமுன் விளக்குகளைப் போட்டுவிடுவதும் கலக்கத்தைக் குறைக்க உதவும். கிணற்றுக்கு மூடியோ வலையோ போடுவதைத் தள்ளிப்போடவே கூடாது. நம் வளவுகளில் எனக்கு மிகவும் அச்சம் தருவது திறந்த கிணறுதான்.

ஓரிரு நாளில் திடீரெனக் குழப்பம் கூடினால், நோய் முற்றுகிறது என்று எண்ணி இருந்துவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். சிறுநீர்த் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, மலச்சிக்கல், புதிதாகத் தொடங்கிய மருந்து போன்ற, சரிசெய்யக்கூடிய காரணம் இருக்கலாம்.

பராமரிப்பின் சுமை பெரும்பாலும் ஊரிலிருக்கும் ஒரு மகளின் அல்லது மருமகளின் தலையிலேயே விழுகிறது. யாழ்ப்பாணத்தில் மாலை ஆறு மணியாகும்போது ரொறன்ரோவில் காலை நேரம். வெளிநாட்டுப் பிள்ளைகள் பணம் அனுப்புவதோடு நின்றுவிடாமல், அந்த நேரத்தில் காணொளி அழைப்பில் அம்மாவுடன் பேசிக்கொண்டிருந்தால், பராமரிப்பவர் குளித்துச் சாப்பிடவாவது முடியும். மனம் தாங்காதபோது, 1926 என்ற இலங்கையின் தேசிய மனநல உதவி இலக்கத்தை அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.