நவீனத்துவமும் பின்னவீனத்துவமும்: ஒரே பாடத்தில் ஒப்பிட ஒரு வழி

கல்வி மெய்யியல் பரீட்சைக்கு ஆயத்தமாகும் வன்னி ஆசிரியர்கள், இவ்விரு நோக்குகளையும் அட்டவணையாக மனனம் செய்வதைவிட, கிளிநொச்சியின் பெரிய நீர்ப்பாசனக் குளமான இரணைமடுக் குளம் பற்றிய ஒரே பாடத்தை இரு விதமாகத் திட்டமிட்டுப் பார்ப்பது நல்லது. நவீனத்துவம் குளத்தின் கொள்ளளவையும் வான்கதவுகளின் இயக்கத்தையும் எவர்க்கும் பொதுவான, அளந்து நிறுவக்கூடிய அறிவாகக் கற்பிக்கும். பின்னவீனத்துவமோ (பெருங்கதையாடல்கள், அதாவது எல்லாவற்றையும் ஒரே கதையால் விளக்க முனையும் பெருங்கோட்பாடுகள் மீதான அவநம்பிக்கை என்று 1979இல் பிரெஞ்சு மெய்யியலாளர் லியோதார் அதனை வரையறுத்தார்), வாய்க்காலின் கடைசியில் வயல் வைத்திருந்து சிறுபோகத்துக்கு நீருக்காகக் காத்திருப்பவரும் நன்னீர் மீனவரும் அதே குளத்தை எவ்வாறு விவரிப்பார்கள், பாடநூலில் யாருடைய குரல் விடுபட்டது என்று வினவும். எல்லாக் கருத்தும் சமம் என்பதே பின்னவீனத்துவம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். கொள்ளளவை அது மறுக்க வேண்டியதில்லை, அதனை மட்டுமே அறிவாகத் தீர்மானித்தவர் யார் என்றே கேட்கிறது.