கத்திய பிறகு என்ன செய்வது: பழைய காயத்தோடு பிள்ளை வளர்ப்பவர்களுக்கு

தண்ணீர் கொட்டியதற்கா இப்படிக் கத்தினோம் என்று பிறகு உங்களுக்கே தோன்றினால், அந்தக் கோபத்தில் பெரும்பகுதி பழைய பாக்கியாக இருக்கலாம். அடியும் வசவும் புறக்கணிப்புமாக வளர்ந்தவரின் மூளை ஆபத்தை முன்கூட்டியே மோப்பம் பிடிக்கப் பழகியிருக்கும். நிதானமாக யோசிக்கும் பகுதி விழிப்பதற்குள், மூளையில் ஆபத்தை உணரும் பகுதியான அமிக்டலா மணியடித்துவிடும். அன்று உங்களைக் காப்பாற்றிய பழக்கம்தான் அது. இன்று எதிரே நிற்பது மூன்று வயதுப் பிள்ளை என்பது அதற்குத் தெரியாது.

சிறுவயதுத் துன்பங்கள் கூடக்கூட, பெரியவரான பின் மனச்சோர்வும் குடிப்பழக்கமும் இதயநோயும் கூடுவதை 1998-இல் ஃபெலிட்டி, அண்டா என்ற அமெரிக்க மருத்துவர்கள் குழுவினரின் ஆய்வு காட்டியது. ஆனால் அது கூட்டத்தின் கணக்கு, தனி மனிதரின் ஜாதகம் அல்ல.

முதலில் ஒரு நோட்டு எடுங்கள். இரண்டு வாரம், ஒவ்வொரு வெடிப்புக்கும் நான்கே விஷயம் எழுதுங்கள்: நேரம், பிள்ளை செய்தது, உடம்பில் முதலில் தெரிந்தது, மனதில் ஓடிய வாக்கியம். தாடை இறுகுவது, காது சூடாவது, கை மரத்துப்போவது என்று ஆளுக்கொரு அறிகுறி இருக்கும். கோபம் வராமல் உறைந்துபோய்ப் பேச்சே நின்றுவிடுவதும் இதே வகைதான், அதையும் எழுதுங்கள். "என்னை யாரும் மதிப்பதில்லை" போன்ற வாக்கியம் திரும்பத் திரும்ப வந்தால், அது உங்கள் பிள்ளை சொன்னதல்ல. நீங்கள் காயப்பட்ட அதே வயதைப் பிள்ளை எட்டும்போது பக்கங்கள் சட்டென நிரம்பலாம்.

அறிகுறி தெரிந்ததும் நான்கு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். ஐந்து முறை போதும். சிலருக்கு மூச்சைக் கவனித்தாலே பதற்றம் ஏறும். அவர்கள் பாதத்தைத் தரையில் அழுத்தி, கண்ணில் படும் ஐந்து பொருள்களைப் பெயர் சொல்லட்டும். கைக்குழந்தை என்றால் தொட்டிலில் மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டு ஐந்து பத்து நிமிடம் விலகி நில்லுங்கள். அழுதால் அழட்டும். எந்த நிலையிலும் குழந்தையைக் குலுக்காதீர்கள். மூளையிலும் அதைச் சுற்றியும் ரத்தம் கசியலாம்.

இவ்வளவு செய்தும் கத்துவீர்கள். உறவை முறிப்பது பெரும்பாலும் அந்தக் கத்தல் அல்ல, அதன் பிறகு எதுவுமே நடக்காததுபோல் இருப்பது. இருவரும் அடங்கியதும், அன்றைக்கே, பிள்ளையின் கண் உயரத்துக்கு உட்கார்ந்து சொல்லுங்கள்: "நான் கத்தினேன். நீ பயந்துட்ட. அது உன் தப்பு இல்ல. அடுத்த தடவை தள்ளிப்போய் நின்னுட்டு வந்து பேசுறேன்." இங்கே பலர் சறுக்குவது "ஆனா நீயும்..." என்று தொடரும்போதுதான், அந்த ஒரு சொல்லில் மன்னிப்பு குற்றப்பத்திரிகையாகிவிடும். அழுது, பிள்ளையிடம் ஆறுதல் வாங்குவதும் கூடாது. கொட்டிய தண்ணீரைத் துடைக்கும் வேலை பிள்ளையுடையதுதான். மன்னிப்புக் கேட்டதால் அது ரத்தாகாது. "என் அப்பாபோல இருக்கமாட்டேன்" என்று எதற்குமே மறுப்புச் சொல்லாமல் விடுபவர்களுக்கு இது கடினமாக இருக்கும். எல்லை இல்லாத வீடும் பிள்ளைக்குப் பயம்தான்.

கை ஓங்குவது நிற்கவில்லை, நடந்தது நினைவில் இல்லை, கெட்ட கனவுகள் ஓயவில்லை என்றால் இதைத் தனியாகச் சுமக்க வேண்டாம். சாகத் தோன்றினால் அன்றே உதவி தேடுங்கள். மனநல நிபுணரிடம் ட்ராமா (பழைய மனக்காயம்) சிகிச்சையில் பயிற்சி உண்டா, எந்த முறையில் என்று நேராகவே கேளுங்கள். இஎம்டிஆர் (கண்ணை அசைத்தபடி பழைய நினைவைக் கையாளும் சிகிச்சை), ட்ராமாவுக்கான சிபிடி (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்ற உதவும் பேச்சு சிகிச்சை) இரண்டுக்கும் நல்ல ஆதாரம் இருக்கிறது. முதல் சந்திப்பிலேயே எல்லாவற்றையும் கொட்ட வேண்டியதில்லை. அந்த நோட்டைக் கொடுத்தால் போதும்.