வீட்டிலிருந்து அலுவலக டேலி: பழைய லேப்டாப்பே போதும்

தண்டையார்பேட்டை வீட்டில் உட்கார்ந்து மண்ணடி அலுவலகக் கணினியிலுள்ள டேலி என்ற கணக்கு மென்பொருளைத் திறக்கப் புது லேப்டாப் வாங்க வேண்டாம். பழையதில் குரோம் பிரவுசர் ஓடினாலே போதும். அலுவலகக் கணினியில், அதை வேறிடத்திலிருந்து இயக்க உதவும் குரோம் ரிமோட் டெஸ்க்டாப்பை நிறுவி, குறைந்தது 6 இலக்கப் பின் எண் வையுங்கள். ஸ்லீப் நேரத்தை 'நெவர்' என்று மாற்றுங்கள். தூங்கிவிட்ட கணினியை இதன் மூலம் வீட்டிலிருந்து எழுப்ப முடியாது. கிளம்பும்போது மானிட்டரை மட்டும் அணையுங்கள். இல்லையேல் நீங்கள் இங்கே பார்க்கும் சம்பளக் கணக்கு அங்கே இருப்பவருக்கும் தெரியும்.

டேலி ஓடுவது அலுவலகத்தில்தான். உங்களுக்கு வருவது திரையின் படம். உங்களிடமிருந்து போவது விசைத் தட்டலும் மவுஸ் அசைவும். அதனால்தான் 4 ஜிபி லேப்டாப்பும் திணறுவதில்லை. படம் மாறும்போதுதான் டேட்டா அதிகம் செலவாகும் என்பதால், கணக்கு வேலைக்கு மொபைல் ஹாட்ஸ்பாட்டே தாங்கும்.

வீடியோ எடிட்டிங்குக்கு இது ஒத்துவராது. சுங்க வேலைக்கான டிஜிட்டல் கையொப்ப டோக்கனை வீட்டு லேப்டாப்பில் செருகினால் அலுவலகக் கணினிக்குத் தெரியாது. அதை அங்கேயே விட்டுச் செல்வதோ பாதுகாப்பில்லை. பிரவுசிங் சென்டரிலிருந்து மட்டும் நுழையவே நுழையாதீர்கள்.