சுதந்திர தினத்துக்குச் சின்னப் பிள்ளையைப் படம் எடுக்கும்போது

இலங்கையின் சுதந்திர தினமான பெப்ரவரி 4 ஆம் திகதிக்கான படத்தை அன்றைக்கே எடுக்க நினைக்கும் பெற்றோருக்கு நான் முதலில் சொல்வது, இரண்டு மூன்று நாள் முந்துங்கள் என்பதே. கொடியேற்றத்துக்கென்று விடியவே எழுப்பி, வெயிலில் நிற்கவைத்து, பசியோடு கூட்டிவந்த மூன்று வயதுப் பிள்ளையிடம் சிரிப்பை எதிர்பார்ப்பது நியாயமில்லை. நித்திரை தெளிந்து, வயிறு நிறைந்து, தானாக விளையாடத் தொடங்கும் அரைமணி நேரமே படத்துக்கு உரியது.

பலரும் கல்லடிக் கடற்கரைக்குப் போகிறார்கள். மட்டக்களப்பில் சூரியன் கடலிலிருந்து எழுவதால், காலை ஏழு மணிக்கெல்லாம் கடலைப் பார்த்து நிற்கும் பிள்ளை கண்ணைச் சுருக்கிவிடும். கடலுக்கு முதுகு காட்டி நின்றால் முகம் இருண்டுவிடும். அப்போது ஒருவர் வெள்ளை வேட்டியொன்றைப் பிள்ளைக்கு முன்னால், படத்துக்குள் விழாதபடி விரித்துப் பிடித்தால், அதில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் முகத்தைத் தெளிய வைக்கும். இதைவிட இலகுவானது வீட்டு முன்விறாந்தை. வெயில் படாத விளிம்பில், முற்றத்தைப் பார்த்தபடி பிள்ளையை இருத்தினால் போதும். மப்பு வானமும் நல்லதே.

கொடியில்தான் அதிகம் பிழைக்கிறது. நமது தேசியக் கொடியின் நேர்ப்பக்கத்தில் தடி நமக்கு இடப்புறம் இருக்கும். தடியோரமாகப் பச்சைப் பட்டையும் செம்மஞ்சள் பட்டையும், அப்பால் கருஞ்சிவப்பில் தடியை நோக்கி வாளேந்திய சிங்கமும் இருக்கும். பிள்ளை வலக்கையில் பிடித்து நேர்ப்பக்கத்தைக் காட்டினால் கொடி முகத்தின் மேல் வந்து விழும். வெளிப்பக்கம் திருப்பினாலோ, ஒருபுறம் மாத்திரம் அச்சிட்ட கொடியில் வெறும் தாள்தான் தெரியும். இடக்கையில் கொடுத்தால் எல்லாம் சரிவரும். அதை அம்மம்மா விரும்பாவிட்டால், இரண்டு கையாலும் நெஞ்சுக்குக் கீழே தடியைப் பிடிக்கச் சொல்லுங்கள். பட்டைகள் தடியோரமாக இருப்பதால் சிறு விரல்கள் அவற்றை எளிதில் மறைத்துவிடும். தமிழரையும் முஸ்லிம்களையும் குறிக்கும் அவ்விரண்டும் எங்கள் மாவட்டத்துப் பிள்ளையின் படத்தில் மறைபடக்கூடாது என்பதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். தடியின் கூர்முனையை முன்கூட்டியே நறுக்கிவிடுங்கள்.

நிலத்தில் முழங்காலிட்டு, கமராவைப் பிள்ளையின் கண்மட்டத்துக்கு இறக்குங்கள். ஷட்டர் வேகம் 1/250 விநாடிக்குக் குறையக்கூடாது. ஓடும் பிள்ளைக்கு 1/500 வேண்டும். கைத்தொலைபேசியென்றால் திரையில் முகத்தைத் தொட்டுக் குவியம் வைத்து, வெள்ளைச் சட்டை வெளிறாதபடி வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்து, தொடர்ச்சியாகப் பல படங்கள் எடுங்கள். முன்கமரா வேண்டாம், சில தொலைபேசிகளில் அது கண்ணாடிபோல் இடம்வலம் மாற்றிப் பதிவுசெய்வதால், கொடியும் பக்கம் மாறிவிடும்.

“சிரி மகள்” என்று அம்மம்மா பத்துத் தடவை சொல்லியும் ஒரு சிறுமி உதட்டைப் பிதுக்கிக்கொண்டே இருந்தாள். சிங்கத்துக்கு எத்தனை கால் என்று கேட்டேன். விரலால் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டு போனவள், வாள் பிடித்த காலில் வந்து நின்று, “இது கையா?” என்று நிமிர்ந்தாள். அந்த நிமிர்வில் எடுத்த படத்தைத்தான் தாய் தெரிந்தெடுத்தார்.

வெளிநாட்டுச் சொந்தங்களுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமாக அன்றி ஆவணமாக அனுப்புங்கள், தெளிவு குறையாது. சட்டையில் முன்பள்ளியின் பெயர் தெரிந்தால் அதை வெட்டிவிட்டு அனுப்புங்கள்.