தீவுகளுக்கு நடுவே பாய்மரப் படகில் ஒரு வாரம்: நண்பர்கள் குழு தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு வாரம் படகில் போகலாம் என்று நண்பர்களுக்குள் முடிவானதும், யாராவது ஒருவர் வரைபடத்தை விரித்து ஏழு நாளுக்கு ஏழு தீவு என்று புள்ளி வைத்துவிடுவார். நிதானமாக இருக்கத்தான் போகிறோம் என்பது அந்த நிமிடமே மறந்துபோகிறது. எங்கள் முதல் பயணத்தில் நாங்களும் அப்படித்தான் புள்ளி வைத்தோம்.

வாடகைக்குக் கிடைக்கும் பாய்மரப் படகு பெரும்பாலும் மணிக்கு 5 அல்லது 6 கடல் மைல்தான் போகும், அதாவது 10 கிலோமீட்டர் அளவு. காற்றை நேருக்கு நேர் எதிர்த்து எந்தப் பாயும் போகாது. ஏறத்தாழ 45 டிகிரி விலகி, இடமும் வலமுமாக மாறி மாறித்தான் முன்னேற வேண்டும். வரைபடத்தில் 20 கடல் மைல் தள்ளி இருக்கும் தீவு, எதிர்காற்றில் 28 கடல் மைலாகிவிடும். மணிக்கு 5 கடல் மைலில் போனால் ஐந்தரை மணி நேரத்துக்குக் குறையாது, அதுவும் அலையை முகத்தில் வாங்கிக்கொண்டு. இரட்டை உடல் கொண்ட கேட்டமரான் (நம் கட்டுமரத்திலிருந்து போன பெயர்தான்) அதிகம் சாயாது, இடமும் தாராளம். ஆனால் எதிர்காற்றில் ஒற்றை உடல் படகு அளவுக்கு அது முன்னேறாது.

ஆகவே காற்றைப் பார்த்துத்தான் பாதை போட வேண்டும். கரீபியனில் வியாபாரக் காற்று கிழக்கிலிருந்து வீசும். கிழக்கே போக வேண்டிய தூரத்தை வாரத்தின் தொடக்கத்தில் முடித்துவிட்டால், திரும்பும்போது காற்று முதுகைத் தள்ளிக்கொண்டு வரும். ஒரு நாளைக்கு 15 கடல் மைல் போதும். ஒரு முழு நாள் எங்கேயும் நகராமல் இருக்க வேண்டும். அந்த நாளைத்தான் எல்லோரும் பிறகு பேசுவார்கள்.

பருவத்தைப் பார்க்காமல் தேதி குறிப்பதும் தவறு. அட்லாண்டிக்கில் சூறாவளிப் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. ஆஸ்திரேலியாவின் விட்சண்டே தீவுகளில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. அந்த மாதங்களில் வாடகை குறையும், அதற்கு மயங்க வேண்டாம்.

அடுத்தது, தாமதமாகப் போய்ச் சேர்வது. வெப்பமண்டலத்தில் அந்தி நீளாது. சூரியன் இறங்கி அரை மணி நேரத்துக்குள் இருட்டிவிடும். ஆனால் பவளப்பாறை கண்ணுக்கு மறைவது அதற்கும் வெகு முன்பே. காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3 மணி வரை, சூரியன் உச்சியிலோ முதுகுப்பக்கமோ இருக்கும்போதுதான் நீரின் நிறம் உண்மையைச் சொல்லும்: கருநீலம் ஆழம், இளம்பச்சை மணல் மேடு, பழுப்பு என்றால் பாறை. போலராய்டு கண்ணாடி போட்ட ஒருவர் அணியத்தில் (படகின் முன்முனையில்) நின்று பார்த்துச் சொல்ல வேண்டும். பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளில் உள்ள அனேகடா கடல்மட்டத்திலிருந்து 9 மீட்டர்கூட உயராத தட்டையான தீவு. கிட்டே போகும்வரை கரையே தெரியாது, சுற்றிலுமோ பல கப்பல்களை உடைத்த பவளத்திட்டு. அங்கே மாலை 5 மணிக்குப் போய்ச் சேருவது போல் திட்டம் போடவே கூடாது.

நங்கூரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். எங்கள் இரண்டாம் நாள் மாலை, தண்ணீரில் குதிக்கும் அவசரத்தில் 15 மீட்டர் சங்கிலியை மட்டும் விட்டுவிட்டு நிறுத்தினோம். இரவு 2 மணிக்கு மழையோடு காற்று திரும்பியது. என்னை எழுப்பியது படகின் உடல் வழியாக வந்த கரகரவென்ற சத்தம், சங்கிலி கடலடியில் இழுபடும் சத்தம். மேலே ஓடிப் பார்த்தால், பக்கத்துப் படகின் விளக்கு படுக்கும்போது பார்த்ததைவிட இரண்டு மடங்கு பெரிதாகத் தெரிந்தது. கொட்டும் மழையில் மூன்று பேர் சேர்ந்து நங்கூரத்தைத் தூக்கி மறுபடி பாய்ச்சி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது.

எவ்வளவு நீளம் விட வேண்டும் என்ற கணக்கு எளியது. ஆழம் 5 மீட்டர், அணியம் நீருக்கு மேல் 1 மீட்டர், கூட்டினால் 6. சங்கிலி என்றால் அதைப்போல் ஐந்து மடங்கு, 30 மீட்டர். கயிறு என்றால் ஏழு மடங்கு, 42 மீட்டர். நீர் ஏறும் இடமானால் ஏற்றத்தின் அளவையும் ஆழத்தோடு சேர்க்க வேண்டும். விட்ட பிறகு எஞ்சினை மெல்லப் பின்னோக்கி இயக்கி நங்கூரம் கவ்வுகிறதா என்று பார்க்க வேண்டும். கண்ணாடி முகமூடி மாட்டி நீந்திப்போய் நேரில் பார்ப்பது இன்னும் நல்லது. கரையில் ஒரு மரத்தையும் அதன் பின்னால் ஒரு பாறையையும் ஒரே கோட்டில் குறித்துக்கொண்டால், படகு நகர்ந்தால் உடனே தெரிந்துவிடும். நங்கூரம் விழ வேண்டியது மணலில் மட்டுமே. பவளத்தின் மேல் சங்கிலி ஒருமுறை புரண்டால் பல பத்தாண்டு வளர்ச்சி நொறுங்கிவிடும். படகைக் கட்டுவதற்கென்றே போட்ட கட்டுமிதவை இருக்கும் இடத்தில் அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

நட்பைச் சோதிப்பது வேலைப் பங்கீடுதான். படகு தெரிந்த ஒருவரே சுக்கானையும் பாயையும் நங்கூரத்தையும் பார்ப்பார், சமைக்கத் தெரிந்த ஒருவரே மூன்று வேளையும் அடுப்படியில் நிற்பார், மற்றவர்கள் ஓய்வெடுப்பார்கள். மூன்றாம் நாள் முகம் சுளிக்கும். நாளுக்கு இருவர் என்று முன்பே முறை வைத்துவிடுங்கள். கேப்டனைத் தவிர இன்னொருவருக்காவது எஞ்சினை இயக்கவும், பாயை இறக்கவும், வானொலியில் 16ஆம் சானலில் உதவி கேட்கவும் தெரிந்திருக்க வேண்டும். தண்ணீரில் விழுபவர் கேப்டனாகவே இருக்கலாம். கடலில் கடைசி முடிவு கேப்டனுடையது என்பதைக் கரையிலேயே எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டியைக் கொண்டுவராதீர்கள், அதை வைக்கப் படகில் இடமில்லை. மடக்கி வைக்கும் துணிப்பை போதும். குமட்டல் மாத்திரையைக் குமட்டல் தொடங்கிய பின் விழுங்கிப் பயனில்லை, புறப்படும் முன்பே போட வேண்டும். படகுக் கழிப்பறையில் காகிதம் போட்டு அடைத்துவிட்டால் வாரம் முழுக்க அதே பேச்சுதான். குடிநீர்த் தொட்டி நிரம்பியிருக்கிறதே என்று ஆளுக்குப் பத்து நிமிடம் குளிக்காதீர்கள். கரைக்குப் போய்வரும் சிறு படகான டிங்கியை ஓட்டுபவர் எஞ்சினை அணைக்கும் பாதுகாப்புக் கயிற்றை மணிக்கட்டிலோ காலிலோ மாட்டாமல் கிளம்பக் கூடாது. குடித்துவிட்டு இரவில் டிங்கியில் ஏறவே கூடாது. கரீபியன் கடற்கரைகளில் மஞ்சினீல் என்றொரு மரம் உண்டு. மழைக்கு அதன் கீழ் ஒதுங்கினால் சொட்டும் நீரே தோலைக் கொப்பளிக்க வைக்கும், பழமோ விஷம். பல இடங்களில் அடிமரத்தில் சிவப்புப் பட்டை தீட்டி எச்சரித்திருப்பார்கள்.

கடைசி இரவை, படகைத் திருப்பிக் கொடுக்கும் துறையிலிருந்து இரண்டு மணி நேரத் தூரத்துக்குள் கழியுங்கள். திரும்ப வேண்டிய விமானத்தை அதே நாளில் வைக்காதீர்கள். அப்போது கடைசிக் காலையிலும் ஒருமுறை நீந்திவிட்டு, தலை துவட்டியபடியே நங்கூரத்தைத் தூக்கலாம்.